தலையாட்டும் ஃபேன்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் பார்ப்பது ஃபேனைத்தான். மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம். முகம் சிரிக்கும், வாங்க என்று சொல்லும், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்றுகூடச் சொல்லும். ஃபேனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. யார் எந்தப் பக்கம் திருப்பி வைத்தார்களோ அந்தப் பக்கம்தான் அது பார்க்கும்.

பேருந்துப் பணிமனையில் உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் அவளுக்கு வேலை. எல்லோருக்கும் அவள் ஸ்டோரக்கா. முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயரும் உண்டு: மீன்கூடை. நான் அதே பணிமனையில் சம்பளப் பிரிவில் இருந்தவள். இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள், ஒரே நாளில் இல்லை, விட்டு விட்டு. அவள் சொன்னதைவிட நான் கொஞ்சம் கோபமாகவே சொல்வேன். அவளுக்குக் கோபமே வராது. அவளுக்குப் பதிலாக யாராவது படவேண்டாமா?

விஷயம் இதுதான். அவள் உடம்பிலிருந்து கெட்டுப்போன மீன் வாடை வரும். குளிக்காமல் இல்லை, அவளைப்போல் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிற மனுஷியை நான் பார்த்ததில்லை. முட்டை, மீன், பயறு என்று நாம் தின்பதிலிருந்து வயிற்றுக்குள் ஒரு நாற்றப் பொருள் உண்டாகுமாம். நம் ஈரல் சத்தமில்லாமல் அதை வாடையில்லாத சரக்காக மாற்றிவிடும். அவளுக்கு அந்த வேலையைச் செய்யவேண்டிய மரபணு பழுது. அப்பாவிடம் பாதிப் பழுது, அம்மாவிடம் பாதிப் பழுது. அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பாதியும் சேர்ந்து மூத்த மகளிடம் முழுசாக வந்து இறங்கிவிட்டது. இளையவள் தப்பித்தாள். மூத்தவளுக்கு அந்த நாற்றம் அப்படியே வியர்வையிலும் மூச்சிலும் வெளியே வந்துகொண்டிருந்தது.

கொடுமை என்னவென்றால் அந்த வாடை அவளுக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து கூடவே இருப்பதால் அவள் மூக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகுக்காவது கண்ணாடி இருக்கிறது. அவள் அடுத்தவர்களை வைத்துத்தான் தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும். யார் ஜன்னலைத் திறக்கிறார்கள், யார் வாயால் மூச்சு விடுகிறார்கள், யாருக்குத் திடீரென்று வெளியே வேலை வந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட ஃபேன். தங்கை வீட்டில் தலையாட்டுகிற டேபிள் ஃபேன் ஒன்று உண்டு. அவள் உள்ளே வந்ததும் யாராவது போய் அதன் பின்னால் இருக்கும் குமிழை மேலே இழுத்துவிடுவார்கள். தலையாட்டுவது நிற்கும். காற்று மற்றவர்கள் பக்கமிருந்து அவள் பக்கமாகப் போய் ஜன்னல் வழியாக வெளியேறும். அவள் நாற்காலி அந்த ஜன்னலோரம்தான். யாரும் போட்டுக் கொடுத்ததில்லை, அவளாகவே போய் உட்கார்ந்துகொள்வாள்.

வேலையையும் அவள் அடுத்தவர் மூக்குகளை உத்தேசித்துத்தான் தேர்ந்தெடுத்தாள். டீசல், ரப்பர், கிரீஸ் இந்த மூன்றும் நாறுகிற இடத்தில் தன்னுடையது கொஞ்சம் அமுங்கிப்போகும் என்று கணக்கு. ஸ்டோருக்கு ஒரே ஒரு கம்பி ஜன்னல். மெக்கானிக்குகள் வெளியே நின்று, "பிரேக் லைனிங்", "ஃபேன் பெல்ட்" என்று கேட்பார்கள். வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அவள் காலையில் கேட்டுக்குள் நுழையும்போது, "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்று ஒரு எலக்ட்ரீஷியன் ராகம் போட்டுச் சொல்வான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணப் பேச்சு ஒன்று வந்தது, பெண் பார்க்க வந்த நாளோடு போனது. அதற்குப் பிறகு மொட்டை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு, ஒரு தம்ளர். இரண்டாவது தம்ளர் ஏன் வாங்கவில்லை என்று ஒரு தடவை கேட்டேன். "யாருக்கு?" என்றாள்.

இதற்குப் பெயர் உண்டு, இது அழுக்கு இல்லை, வியாதி என்று நாற்பது வயதுக்கு மேல் ஒரு தோல் டாக்டர் சொன்னார். அவர்தான் அவளை மருந்துச் சோதனைக்கு அனுப்பினார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த சில வாரத்தில் ஒருநாள் அந்த ராகக்கார எலக்ட்ரீஷியன் ஸ்டோர் ஜன்னலில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு மாமியார் வீட்டுச் சண்டையை ஆதியோடு அந்தமாகச் சொன்னான். கேட்டது ஒரு பல்பு. பல்பைக் கையில் கொடுத்த பிறகும் போகவில்லை. அவள் அவன் முழங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்றைக்குத்தான் மருந்து வேலை செய்வது அவளுக்குத் தெரிந்தது.

முதல் சோதனை முடிந்ததும் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியின் நர்ஸ் அவளை உட்காரவைத்துப் பேசினாள்.

"மருந்து வேலை செய்யுதான்னு பாத்தோம், செய்யுது. இனிமே வருஷக்கணக்கா சாப்பிட்டா உடம்பு தாங்குதான்னு பாக்கணும். அதுக்கு வேற சோதனை. வர்றீங்களாக்கா?"

"தாங்கும் சிஸ்டர். இத்தனை வருஷமா எதைத் தாங்கல?"

"அதை உங்க வாய் சொன்னா எடுபடாது. ரத்தம் சொல்லணும்."

மாத்திரை கையில் கிடைத்தால் போதும் என்று அவள் தலையாட்டினாள். குறிப்பிட்ட நாளில் போவாள். ரத்தம் எடுப்பார்கள், இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள். பிறகு நர்ஸ், "போன தடவைக்கு அப்புறம் உடம்புல என்னென்ன ஆச்சு?" என்று கேட்பாள். பல்வலி, தும்மல், எதுவானாலும் சொல்ல வேண்டும்.

"கட்டைவிரல் ஷட்டர்ல மாட்டி நசுங்கிடுச்சு. இதுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கா இல்லையான்னு நாங்க பாத்துக்கறோம். நீங்க ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவளுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. உனக்கு என்ன ஆச்சு என்று அவளை யார் கேட்டிருக்கிறார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போவாள்.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பருத்திச் சட்டையை ஒரு நாள் முழுக்கப் போட்டிருந்து, கழற்றி, காற்றுப் புகாத பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். வேறொரு அறையில் அதற்கென்றே பழகின மூக்குக்காரர்கள் இருக்கிறார்கள். யாருடைய சட்டை, மருந்து சாப்பிட்டவருடையதா இல்லையா என்று அவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். முகர்ந்து பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். மருந்துக்கு முன்னால் அவளுக்கு எட்டு. மருந்துக்குப் பின்னால் ஒன்று. "படிக்கிற காலத்துல எட்டு வாங்க ஏங்கினேன். இப்போ ஒண்ணு வாங்கினதுக்கு இனிப்பு வாங்கிக் குடுக்கறேன்" என்று எனக்கு மிட்டாய் கொடுத்தாள். இன்னொரு நாள், "என் சட்டைய மூஞ்சிகிட்ட கொண்டுபோனவங்க உலகத்துலயே அவங்கதான். யாருன்னே தெரியாது பாரேன்" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

தங்கையின் பிள்ளைகள் வேலைக்கென்று வேறு வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். வீட்டில் தங்கையும் அவள் கணவரும்தான். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் தங்கை மாடி அறைக்கே வந்துவிட்டாள்.

"எதுக்கு இங்க தனியாக் காயற? ரூம் சும்மாதான் கெடக்கு. வந்துடு அக்கா."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவர் எப்போ என்ன சொல்லியிருக்கார்?"

போனாள். மாடி அறையை மட்டும் காலி செய்யவில்லை. சாவி கைப்பையில் இருந்தது. நல்லது நடந்தால் அதை முழுசாக நம்பிவிடக் கூடாது என்பது அவள் பழக்கம்.

அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரலே வேறாக இருக்கும். ஃபேன் அதன் இஷ்டத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும், மறுபடி வரும். எல்லோருக்கும் ஒரே காற்று. வாழ்க்கையில் முதல்முறையாகப் பயமில்லாமல் முட்டை சாப்பிட்டாள். லிஃப்ட்காரர், "அண்ணி, இன்னொண்ணு போடட்டுமா?" என்று கேட்டு அவரே பொரித்துக் கொடுப்பார். ஒரு சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே தங்கை அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கை மரத்துப்போயிற்று. அசைக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து, அடுத்தது முடிந்து, செய்தியும் முடிந்தது. அந்த மரத்துப்போன கையைப் பற்றி அடுத்த தடவை நர்ஸிடம் சொன்னாளாம், ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார்களே என்று.

இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள் ரத்தம் எடுத்த மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார்கள். ஈரல் வீங்கத் தொடங்கியிருக்கிறது, மாத்திரையை இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர்.

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமே டாக்டர்? எனக்கு வலியே இல்ல."

"ஈரல் போற வரைக்கும் வலிக்காதும்மா."

வெளியே வந்து நர்ஸிடம் அவள் கேட்ட கேள்வி இது: "நான் கெடுத்துட்டேனா சிஸ்டர்? என்னால எல்லாருக்கும் மருந்து நின்னுடுமா?"

"ஐயோ, இல்லக்கா. இப்படி ஆகுமா ஆகாதான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சோதனையே. உங்களால இனிமே மத்தவங்களுக்கு மாசாமாசம் ஈரலைப் பாப்பாங்க. முன்னாடியே பிடிச்சிடலாம்."

நல்ல விஷயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வெளிச்சம், விளக்குக்கு மட்டும் சூடு. அவளுக்கு அன்றைக்கு நர்ஸ் சொன்னது ஆறுதலாக இருந்ததாம். எனக்கு இல்லை.

வாடை சில நாளிலேயே திரும்பிவிடும், ஓய்வாக இருங்கள், சட்டையை மட்டும் வழக்கம்போல் வாசலில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பினார்கள். பணிமனையில் லீவு போட்டாள். தங்கையிடம், "லீவு மிச்சம் இருக்கு, வீணாப்போகுது" என்றாள். மருந்து நின்றதைச் சொல்லவில்லை. எப்படியும் ஃபேன் சொல்லிவிடும். அதுவரைக்கும் இருக்கிற நாள் லாபம்.

முட்டையை மட்டும், "அலுத்துப்போச்சு" என்று சொல்லி நிறுத்தினாள். அப்புறம் காத்திருந்தாள். சமையல்கட்டிலிருந்து வரும்போதெல்லாம் கண் ஃபேனுக்குப் போகும். தலையாட்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் ஆட்டியது. ஒரு வாரம் போயிற்று. ஃபேனின் குமிழை மட்டும் காணவில்லை. எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது என்றாள் தங்கை. "வேலைக்குப் போனதும் பணிமனையிலேர்ந்து ஒண்ணு தேடிக் கொண்டு வரேன்" என்றாள் இவள். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவர் வீட்டில் ஒரு குமிழுக்குத் தட்டுப்பாடா என்று அப்போது தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் தங்கைக்கும் அவள் கணவருக்கும் சளி பிடித்திருந்தது. விடாத சளி. எந்நேரமும் மூக்கடியில் தைலம். வீடே தைலம். இவளுக்குத்தான் லீவாயிற்றே, வெந்நீர் போட்டு இரண்டு பேரையும் மாறி மாறி ஆவி பிடிக்க வைத்தாள். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர்கள் பதுமை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "இந்த வயசுல உடம்பப் பாத்துக்கணும் தம்பி" என்று லிஃப்ட்காரரைக் கண்டித்தாள். அவர், "சரி அண்ணி" என்றார். தான் சேவை செய்ய இரண்டு பேர் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

நாள் போகப் போக அவளுக்கு ஓர் எண்ணம் பிறந்தது. மருந்து போனாலும் வாடை வரவில்லை. உடம்பு தானாகவே பழகிவிட்டது. வியாதி போய்விட்டது. ஆசை யாரை விட்டது? ஒருநாள் யாரும் பார்க்காதபோது மாடி அறைச் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து, தங்கை வீட்டு ஆணியில், அவர்கள் வீட்டுச் சாவிகளோடு மாட்டினாள்.

அடுத்த தடவை ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குள் போனபோது நர்ஸ் வாயைத் திறக்கும் முன்னே சொன்னாள்: "சிஸ்டர், எனக்குச் சரியாயிடுச்சு! மருந்து இல்லாமலே வாடை வரல. டாக்டர்கிட்ட சொல்லுங்க."

நர்ஸ் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள். அந்த நர்ஸ் எப்போதுமே கவசம் போடுகிறவள், அதனால் இவளுக்கு அது ஒன்றையும் சொல்லவில்லை.

"யாருக்கா சொன்னா வரலன்னு?"

"யாரும் சொல்லல. வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க, ஒரு மாசமா ஃபேனை யாரும் திருப்பல. தலையாட்டிட்டே இருக்கு."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் முகர்ந்த சட்டைகளின் மார்க் அவளுக்குத் தெரியும். நிறுத்தின பிறகு கொடுத்த முதல் சட்டைக்கே எட்டு. அடுத்ததற்கும் எட்டு.

"தப்பா முகர்ந்திருப்பாங்க சிஸ்டர்."

"மூணு பேர் தனித்தனியா முகர்றாங்கக்கா." முகக்கவசத்தைத் தொட்டுக் காட்டி, "நான் இந்தக் கவசத்தோடதான் இருக்கேன். எனக்கே தெரியுது" என்றாள். இதைச் சொல்ல அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றும். ஆனால் சொன்னாள்.

"போன தடவைக்கு அப்புறம் என்னென்ன ஆச்சு?" என்ற வழக்கமான கேள்விக்கு அன்றைக்கு அவள், "எனக்கு ஒண்ணும் ஆகல. வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் சளி" என்று ஆரம்பித்து, அந்த வார்த்தையிலேயே நின்றுபோனாள்.

வீட்டுக்குத் திரும்பியவள் ஃபேனைப் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். லிஃப்ட்காரரின் தட்டு பால்கனியில் இருந்தது. அவர் அங்கே சாப்பிடத் தொடங்கி ஒரு மாசம் இருக்கும், வெக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தங்கையின் தலையணை இவள் அறையை ஒட்டின சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. தைல டப்பா அலமாரியில் ஒன்று, டிவி மேல் ஒன்று, சமையல்கட்டில் ஒன்று. ஃபேன் மட்டும் நடுவில் தலையாட்டிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள், அவளும் சோற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாத்திரை நின்னுபோச்சுன்னு உனக்குத் தெரியுமா?" என்று தங்கையிடம் கேட்டாள்.

"நீ முட்டை வேணாம்னு சொன்ன அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல? சொன்னா பெட்டியத் தூக்கிடுவ. அந்த மொட்டை மாடிக்குப் போய் உக்காந்துடுவ. எனக்குத் தெரியாதா உன்னை?" தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல அக்கா. பழகிடுச்சு."

"பழகினவளுக்கு எதுக்குடி மூக்குல தைலம்?"

லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். ஃபேனின் குமிழ்.

"நான்தான் கழட்டினேன் அண்ணி. நீங்க உள்ள வந்தா என் கை தானா அதுக்குப் போயிடுது. இத்தனை வருஷப் பழக்கம். நம்மளை அறியாம இழுத்துடுவோமோன்னு கழட்டிப் பையில போட்டுக்கிட்டேன்."

அந்த மனிதர் அவளிடம் சேர்ந்தாற்போல் அத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. அவர்மேல் எனக்கு அன்று வரை ஒரு இளக்காரம் இருந்தது. அதைக் கேட்டதும் போய்விட்டது.

அவள் குமிழை எடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஆனா எனக்கு என் மூக்கு உதவாது. உங்களைப் பாத்துத்தான் நான் எப்படி இருக்கேன்னு தெரிஞ்சுக்கறேன். நீங்களும் மறைச்சா நான் எங்க போய்த் தெரிஞ்சுக்கறது? நாளைக்கு நீ என்னைக் கட்டிக்கிட்டாக்கூட, தைலம் பூசிட்டுக் கட்டிக்கறாளோன்னு தோணுமே. தனியா இருந்தப்பக்கூட யாரும் இப்படிக் கண்ணைக் கட்டி விட்டதில்லடி என்னை."

குமிழைப் பொருத்தி மேலே இழுத்துவிட்டாள். ஃபேன் தலையாட்டுவது நின்றது. அதைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். "தைலத்தைத் தொடச்சிட்டு வா. பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லு" என்றாள். தங்கை துடைக்கவில்லை, சொல்லவும் இல்லை. அழுதுகொண்டே சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை இவள் கிளம்பினாள்.

மாடி அறையில் தூசி படிந்திருந்தது. பெருக்கினாள். ஒரு தட்டையும் ஒரு தம்ளரையும் கழுவினாள். பணிமனையில் எலக்ட்ரீஷியன் இப்போது ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி நின்று பல்பு கேட்டான். ஆனால் ராகம் போடவில்லை; மாமியார் கதையெல்லாம் அவளிடம் சொன்னவன் எந்த முகத்தோடு போடுவான்? ஈரல் மெல்ல மெல்லத் தேறியது. மருந்து இல்லாவிட்டாலும் அது முழுசாகச் சரியாகும்வரை பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் வரச்சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னென்ன ஆச்சு என்று நர்ஸ் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வாளாம். முன்பு தனியாக இருந்தது வேறு, ஒரு தலை தோளில் சாய்ந்து தூங்கின பிறகு தனியாக இருப்பது வேறு என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே புகார் அது.

தங்கை போன் செய்யவில்லை. இவளும் செய்யவில்லை. அக்காவும் தங்கையும் ரோஷத்தில் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவர்கள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை கையில் ஒரு தம்ளரோடு வந்து வாசலில் நின்றாள். மூக்கடியில் பளபளப்பு இல்லை. தைல வாசனை இல்லை. இவள் பழக்கத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் நகரப் போனாள். தங்கை வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எட்டு" என்றாள்.

பிறகு உள்ளே வந்து, தம்ளரை அடுப்பு மேடையில் அந்த ஒற்றைத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டிலில் அக்காவை இழுத்து உட்காரவைத்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.